பை 3-இன் குப்பை எழுத்துகள்: ஒரு சீரியல் கன்சோல் நிகழ்வு ஆய்வு

ஒரே சிறு போர்டில் அடங்கும் கணினியான ராஸ்பெரி பை 3 வெளியானது 2016 பிப்ரவரி 29 அன்று. அளவிலும் 40 பின் வரிசையிலும் அது ஓராண்டு முன்பு வந்த பை 2-ஐ அச்சு அசலாக ஒத்திருந்தது. ஆகவே பை 2-இல் ஓடிக்கொண்டிருந்த மெமரி கார்டில் ஃபர்ம்வேரையும் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பித்து, அதையே புதிய போர்டில் செருகியவர்கள் ஏராளம். போர்டு எழுந்தது. நெட்வொர்க்கில் பிங் செய்தால் பதில் சொன்னது. போர்டின் செய்திகளை வேறொரு கணினிக்குக் கொண்டுவரும் சீரியல் கேபிளில் மட்டும் ஓர் எழுத்துகூட வரவில்லை. பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரி) ஒரு பெயரை மாற்றியதும் எழுத்து வந்தது, ஆனால் யாராலும் படிக்க முடியாத எழுத்து.

இணைப்பு என்னவோ எளியதுதான். 6-ஆம் பின் கிரவுண்ட், 8-ஆம் பின் போர்டு அனுப்பும் கம்பி, 10-ஆம் பின் போர்டு வாங்கும் கம்பி. மறுமுனையில் 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் அடாப்டர், கணினியில் பிகோகாம் அல்லது மினிகாம் என்ற சீரியல் டெர்மினல் நிரல், வேகம் நொடிக்கு 115200 பிட். அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருந்தால் மௌனம்தான் கிடைக்கும். கிரவுண்ட் சரியாகத் தொடாவிட்டால் மௌனமும் வரலாம், குப்பையும் வரலாம். 5 வோல்ட் அடாப்டரைச் செருகினால் அந்தப் பின்னையே இழக்க நேரிடும். இதையெல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும். போர்டிலிருந்து கழற்றிய அடாப்டரின் இரு டேட்டா கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, தட்டச்சு செய்வது திரும்பி வருகிறதா என்று பார்த்தால் கணினி, டிரைவர், அடாப்டர் மூன்றும் ஒரே சோதனையில் தேறிவிடும். இந்த நிகழ்வில் மூன்றும் சரியாகவே இருந்தன. அதே கேபிளை மறுபடி பை 2-இல் மாட்டினால் பூட் லாக் (தொடக்கச் செய்திகளின் பதிவு) பளிச்சென்று வந்தது.

முதலில் மௌனத்தை எடுத்துக்கொள்வோம்.

பை 2-க்கான கார்டுகளில், கெர்னலுக்குக் கொடுக்கப்படும் பூட் வரியில் கன்சோலின் பெயர் டிடிஒய்-ஏஎம்ஏ0 என்று எழுதப்பட்டிருக்கும். ஆர்ம் நிறுவனத்தின் பிஎல்011 என்ற யூஆர்ட்டுக்கு (சீரியல் போர்ட்டை இயக்கும் வன்பொருள்) லினக்ஸ் வைத்திருக்கும் பெயர் அது. பை 2-இல் அந்த பிஎல்011-தான் 8, 10 பின்களுக்கு வந்துகொண்டிருந்தது. பை 3-இல் வைஃபையும் புளூடூத்தும் போர்டிலேயே சேர்ந்தன. புளூடூத் சில்லோடு பேச ஒரு நல்ல, நிலையான சீரியல் போர்ட் வேண்டும். தொடக்க கால மென்பொருள் அதை 921600 வேகத்தில் ஓட்டியது. சிப்பில் அந்தத் தரத்தில் இருந்தது ஒரே ஒரு யூஆர்ட். அதை எடுத்து, உள்ளே ஓடும் 32, 33 எண் ஜிபிஐஓ (பொதுப் பயன் சிக்னல்) கோடுகள் வழியாகப் புளூடூத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியே தெரியும் 14, 15 எண் ஜிபிஐஓ கோடுகளுக்கு, அதாவது நம் 8, 10 பின்களுக்கு, சிப்பிலேயே இருந்த இரண்டாவது, சிறிய யூஆர்ட் வந்தது. அதன் பெயர் மினி யூஆர்ட், லினக்ஸில் டிடிஒய்-எஸ்0.

ஆக, போர்டு மௌனமாகவே இல்லை. கெர்னல் தன் பூட் லாக் முழுவதையும் டிடிஒய்-ஏஎம்ஏ0-வில் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தது புளூடூத் சில். பச்சை எல்இடி சிமிட்டுகிறது, பிங் பதில் வருகிறது, கன்சோல் மட்டும் ஊமை என்றால், பூட் தோற்றுவிட்டது என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. லாக் வேறெங்கோ போகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பின்னாளில் ஒரு தீர்வு வந்தது: பூட் வரியில் சீரியல்0 என்று எழுதினால், எந்த யூஆர்ட் பின்களில் இருக்கிறதோ அதன் உண்மைப் பெயரை ஃபர்ம்வேரே மாற்றி எழுதிக் கெர்னலிடம் கொடுக்கும். கையால் பெயர் எழுதுபவர்கள் இன்றைக்கும் இதே குழியில் விழுகிறார்கள். ஓடும் கெர்னல் உண்மையில் என்ன வரியை வாங்கியது என்பதை எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியான லாகின்) நுழைந்து ப்ராக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் கோப்பில் பார்த்தால் சந்தேகம் தீரும்; கார்டில் இருக்கும் கோப்பைப் பார்ப்பது போதாது, ஏனென்றால் ஃபர்ம்வேர் தன் பங்குக்கு நிறையச் சேர்க்கிறது.

பெயரை டிடிஒய்-எஸ்0 என்று மாற்றியதும் இரண்டாவது அறிகுறி. இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

வந்த குப்பை சீராக இல்லை. சில வரிகள் தெளிவாக இருந்தன, சில பாதியில் கெட்டன, பிறகு மீண்டும் தெளிந்தன. பூட் முடிந்து போர்டு சும்மா இருக்கும்போது லாகின் வரி படிக்கும்படி இருக்கும். ஏதாவது வேலையைத் தொடங்கினால் கெடும். கம்பித் தொடர்பு தளர்ந்திருந்தால் குப்பை தற்செயலாக வரும். வேகத்தைத் தவறாக அமைத்திருந்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எல்லாமே குப்பையாக இருக்கும். இது இரண்டிலும் சேரவில்லை. வேலைப்பளுவோடு சேர்ந்து ஏறி இறங்கும் குப்பை என்றால், பளுவோடு சேர்ந்து மாறும் ஏதோ ஒன்று சீரியல் வேகத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். அப்படி மாறக்கூடியது கிளாக்.

மினி யூஆர்ட்டின் வேகம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பிராட்காமின் பிசிஎம்2835 ஆவணத்திலேயே இருக்கிறது: சிஸ்டம் கிளாக்கை எட்டாலும், பாட் ரெஜிஸ்டரில் (சீரியல் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை வைக்கும் இடம்) உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டிய தொகையாலும் வகுக்க வேண்டும். ரெஜிஸ்டரில் பூஜ்யம் இருந்து கிளாக் 250 மெகாஹெர்ட்ஸ் என்றால் வேகம் 31.25 மெகாபாட். 115200 வேண்டுமென்றால் வகுக்கும் எண் 271. கிடைக்கும் உண்மை வேகம் 115314. பிழை பத்தில் ஒரு விழுக்காடுதான். ஒரு எழுத்துக்குப் பத்து பிட். தொடக்க பிட்டில் தாளம் பிடிக்கும் பெறுநர், கடைசியான நிறுத்த பிட்டின் நடுவைப் பார்ப்பது ஒன்பதரை பிட் நேரம் கழித்து. அதற்குள் அரை பிட் நழுவாமல் இருந்தால் போதும், அதாவது ஏறத்தாழ 5 விழுக்காடுவரை தாங்கும். 0.1 விழுக்காடு ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்த 'சிஸ்டம் கிளாக்' என்பது, சிப்பில் உள்ள வீடியோகோர் என்ற கிராஃபிக்ஸ் செயலியின் கோர் கிளாக். பை 2-இல் அது 250-இலேயே நின்றது, யாரும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பை 3-இல் சும்மா இருக்கும்போது 250, வேலை வந்து செயலி முழு வேகத்துக்கு எழும்போது 400. வகுக்கும் எண் மட்டும் 271-இலேயே இருக்கிறது. 400 மெகாஹெர்ட்ஸை எட்டாலும் 271-ஆலும் வகுத்தால் 184502. கேட்பவர் 115200-இல் இருக்கிறார், பேசுபவர் 184502-இல் பேசுகிறார். ஒன்றரை மடங்குக்கும் மேல்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். டிரைவர் வகுக்கும் எண்ணை எழுதிய அந்தக் கணத்தில் கிளாக் 400-இல் இருந்திருந்தால் எழுதப்படுவது 434. கிளாக் 250-க்கு இறங்கியதும் வேகம் 72005. ஆக ஒரே போர்டு, ஒரே கார்டு, இரண்டு வகைக் குப்பை. டிரைவர் மீது குற்றம் சொல்ல முடியாது. எழுதியபோது கணக்கு சரியாகத்தான் இருந்தது. கிளாக்கை மாற்றுவது ஃபர்ம்வேர். அதை அறிந்து வகுக்கும் எண்ணைத் திருத்தி எழுத யாரும் இல்லை.

எந்த வகைக் குப்பை என்று குப்பையையே பார்த்துச் சொல்லிவிடலாம். டெர்மினலில் தெரியும் விசித்திரக் குறிகளைப் பார்த்துப் பயனில்லை. வந்ததைக் கோப்பில் சேமித்து, பைட்டுகளை எண்களாகப் பார்க்க வேண்டும். பூட் லாக் முழுக்க ஆஸ்கி எழுத்து, ஆகவே எல்லா எண்ணும் 128-க்குக் கீழே இருக்க வேண்டும். மேலே நிறைய இருந்தால் வேகம் பொருந்தவில்லை. அடுத்து, பேசுபவர் 72000-இல் இருந்தால் அவருடைய ஒரு பிட், கேட்பவரின் கணக்கில் 1.6 பிட் நீளம். தொடக்க பிட் எப்போதும் பூஜ்யம். கேட்பவர் அதைத் தாண்டி முதல் டேட்டா பிட்டின் நடுவைப் பார்க்கும்போது, பேசுபவரின் தொடக்க பிட் இன்னும் முடிந்திருக்காது. ஆகவே கேட்பவரின் கடைசி இலக்க பிட் பூஜ்யமாகவே விழும். வந்த பைட்டுகள் பெரும்பாலும் இரட்டைப்படை எண்களாக இருக்கும். வேகம் 184500 என்றால் இந்த ஒழுங்கு இருக்காது. கேட்பவர் ஒரு எழுத்தை வாங்கும் பத்து பிட் நேரத்தில் பேசுபவர் பதினாறு பிட் அனுப்பிவிடுகிறார், ஒரு எழுத்துக்குள் அடுத்த எழுத்தின் பாதி நுழைந்துவிடுகிறது, வந்த பைட்டுகளின் எண்ணிக்கையும் குறையும்.

ஊகத்தோடு நிற்க வேண்டியதில்லை. மலிவான எட்டு சேனல் லாஜிக் அனலைசரும் பல்ஸ்வியூ மென்பொருளும் இருந்தால் 8-ஆம் பின்னில் வைத்து மிகக் குறுகிய பல்ஸின் அகலத்தை அளக்கலாம். 115200-இல் அது 8.68 மைக்ரோ நொடி. 5.42 என்று வந்தால் 184500. 13.9 என்று வந்தால் 72000. இந்த மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று தூரமாக இருப்பதால் குழம்ப வழியே இல்லை. அனலைசர் இல்லாதவர்கள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ'வை இடைவிடாமல் சீரியல் போர்ட்டுக்கு அனுப்பும் ஒரு சிறு லூப்பை ஓட்டலாம். அதன் ஆஸ்கி எண் 85. தொடக்க, நிறுத்த பிட்டுகளோடு சேர்த்தால் ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வரும் சதுர அலை. அலைவெண் அளக்கும் மல்டிமீட்டர் அதில் 57.6 கிலோஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். 92 காட்டினால் கதை தெரிந்துவிட்டது. (எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விழுந்தால் மீட்டர் சற்றுக் குறைத்துக் காட்டும். 57-க்கும் 92-க்கும் இடையே அது பொருட்டில்லை.)

கடைசி நிரூபணம் இரண்டு. ஒன்று, போர்டிலேயே விசிஜென்சிஎம்டி கருவியின் மெஷர்_கிளாக் கட்டளையைக் கொடுத்து கோர் கிளாக்கைக் கேட்பது. ஒரு ஜன்னலில் வேலைப்பளுவை ஏற்றி, இன்னொன்றில் இந்த எண் 250-இலிருந்து 400-க்குத் தாவும் கணத்தில் மூன்றாவதில் சீரியல் கெடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இன்னொன்று, கேட்கும் பக்கத்தின் வேகத்தை 184500-க்கு அருகே வைப்பது. எஃப்டிடிஐ சில் உள்ள அடாப்டர்கள் 184615 தரும், அது போதும். பளுவின்போது வந்த குப்பை தானாகவே பூட் செய்திகளாக மாறினால், அதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை.

தீர்வுகளில் முதலில் கைக்கு வந்தது, கான்ஃபிக் கோப்பில் கோர்_ஃப்ரீக்=250 என்று எழுதிக் கிளாக்கைப் பூட்டிவிடுவது. பிறகு ஃபர்ம்வேரில் எனேபிள்_யூஆர்ட்=1 என்ற அமைப்பு வந்தது; அது மினி யூஆர்ட்டை இயக்குவதோடு கோர் கிளாக்கை 250-இல் நிறுத்தவும் செய்கிறது. ஃபோர்ஸ்_டர்போ=1 சேர்த்தால் 400-இல் நிற்கும், அதுவும் சரிதான்; யூஆர்ட்டுக்கு வேண்டியது நிலையான எண், எந்த எண் என்பதல்ல. மூன்றாவது வழி, புளூடூத்தை முடக்கும் ஓவர்லேயை (வன்பொருள் அமைப்பை மாற்றும் சிறு கோப்பு) போட்டு பிஎல்011-ஐ மீண்டும் 8, 10 பின்களுக்குக் கொண்டுவருவது. பிஎல்011-க்கு 48 மெகாஹெர்ட்ஸில் தனிக் கிளாக். கோர் கிளாக் எங்கே போனாலும் அதற்குக் கவலை இல்லை.

லாகின் வரி மட்டும் போதும் என்பவருக்கு எனேபிள்_யூஆர்ட் போதும். கெர்னலையோ டிரைவரையோ துருவுகிறவர் புளூடூத்தைத் தயங்காமல் பலி கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மினி யூஆர்ட்டின் குறைகளை அதே பிராட்காம் ஆவணம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: பேரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, ஃப்ரேமிங் பிழையை (நிறுத்த பிட் உரிய இடத்தில் வராதது) கண்டுபிடிப்பதில்லை, பிரேக் சைகையை (கம்பியை ஓர் எழுத்தைவிட நீண்ட நேரம் பூஜ்யத்தில் வைப்பது) உணர்வதில்லை, ஃபைஃபோவும் (எழுத்துகள் காத்திருக்கும் வரிசை) எட்டே எழுத்து ஆழம். வேகம் மாறினால் நாம் தட்டச்சு செய்யும் பக்கமும் கெடும்; ஃப்ரேமிங் பிழை தெரியாததால் போர்டு அதைக் குப்பை என்றே அறியாமல் விழுங்கும். பிரேக் இல்லாதது இன்னும் பெரிய இழப்பு. பூட் நடுவில் கெர்னல் உறைந்து நின்றால், சீரியலில் பிரேக் அனுப்பி ஐந்து நொடிக்குள் ஓர் எழுத்தைத் தட்டி, எந்தப் பணி எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கெர்னலையே சொல்லவைக்கும் சிஸ்ஆர்க்யூ வசதி உண்டு. மினி யூஆர்ட்டில் அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

எழுத்து தெளிந்த பிறகும் சிலருக்குப் புகார் தீரவில்லை. கெர்னல் செய்திகள் அழகாக வருகின்றன, அதன்பின், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி நிரலின் வரிகள் எதுவும் வரவில்லை, சற்று நேரம் கழித்துத் திடீரென்று லாகின் வரி. இது வன்பொருள் சிக்கலே அல்ல. பூட் வரியில் இரண்டு கன்சோல்கள் இருக்கின்றன: முதலில் சீரியல், பிறகு எச்டிஎம்ஐ திரைக்கான டிடிஒய்1. கெர்னல் தன் செய்திகளை இரண்டுக்கும் அனுப்பும். ஆனால் பயனர் பக்க நிரல்கள் எழுதும் டெவ்-கன்சோல், வரியில் கடைசியாகச் சொன்னதைத்தான் குறிக்கும். ஆகவே சிஸ்டம்டி திரையோடு பேசிக்கொண்டிருந்தது. அந்தத் திரையை யாரும் செருகியிருக்கவில்லை. சீரியலைக் கடைசிக்கு நகர்த்தினால் தீர்ந்தது. கூடவே செய்திகளைக் குறைக்கும் 'கொயட்' என்ற சொல்லையும், சீரியல் கன்சோலைப் புறக்கணிக்கச் சொல்லும் பிளைமவுத் (தொடக்கத் திரை காட்டும் நிரல்) அமைப்பையும் எடுத்துவிடுவது நல்லது.

இன்னொரு போலி மரணமும் உண்டு. பூட் வரியில் எர்லிகான் (முழு டிரைவர் வருமுன் பேசும் தற்காலிகக் கன்சோல்) போட்டுத் தொடங்கினால், 'பூட்கன்சோல் டிசேபிள்டு' என்ற வரியோடு லாக் நின்றுவிடுவதைப் பார்க்கலாம். கெர்னல் அங்கே சாகவில்லை. தற்காலிகக் கன்சோல் தன் வேலையை முழு டிரைவரிடம் ஒப்படைக்கும் இடம் அது. ஒப்படைத்த பிறகு அமைதி என்றால் வாங்கிக்கொண்டவரைப் பார்க்க வேண்டும்: அந்த டிரைவர் இந்த யூஆர்ட்டைப் பதிவு செய்ததா, வேகம் சரியா, லாக் வேறு போர்ட்டுக்குப் போய்விட்டதா. ராஸ்பெரி பை கெர்னலில் மினி யூஆர்ட்டை இயக்கும் 8250 டிரைவருக்கு இயல்பாகப் பூஜ்யம் போர்ட்டுகள்; எனேபிள்_யூஆர்ட் இருக்கும்போது ஃபர்ம்வேர்தான் பூட் வரியில் ஒன்று என்று சேர்க்கிறது. பூட் வரியைத் தாமே முழுதாக எழுதும் பூட்லோடரை நடுவில் வைப்பவர்களுக்கு இந்தச் சேர்க்கை தொலைந்துபோகும். கீப்_பூட்கான் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் தற்காலிகக் கன்சோல் விலகாமல் நிற்கும். அப்போது செய்திகள் தொடர்ந்தால் சாவு இல்லை என்பது உறுதி. எர்லிகானுக்கு முகவரியை மட்டும் கொடுங்கள், வேகத்தைக் கொடுக்காதீர்கள். வேகம் சொல்லாவிட்டால் ஃபர்ம்வேர் அமைத்துவைத்ததைத் தொடாமல் அப்படியே பயன்படுத்தும்.

கெர்னலுக்கும் முந்தைய கட்டத்தில் மௌனம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பை 3-இல் முதலில் எழுவது ஆர்ம் செயலி அல்ல, வீடியோகோர். அது சிப்புக்குள் இருக்கும் ரோமிலிருந்து தொடங்கி, கார்டிலிருந்து பூட்கோட் கோப்பை எடுத்து, அது ஸ்டார்ட்.எல்ஃப்பை எடுத்து, அதுதான் கான்ஃபிக்கைப் படித்துக் கெர்னலை ஏற்றுகிறது. பூட்கோட் கோப்புக்குள்ளேயே பூட்_யூஆர்ட்=0 என்ற எழுத்துச் சரம் இருக்கிறது; செட் என்ற எழுத்துத் திருத்தக் கட்டளையால் அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்கினால் அந்தக் கட்டமும் சீரியலில் பேசத் தொடங்கும். பைனரிக் கோப்பைச் செட்டால் திருத்துவது கேட்க அடாவடியாக இருந்தாலும், அதிகாரபூர்வ ஆவணமே சொல்லும் முறை இதுதான்.

பேச்சு அதிகமானால் ஒரு விலையும் உண்டு. 115200-இல் நொடிக்கு 11520 எழுத்துதான் போகும். 30 ஆயிரம் எழுத்து லாக் என்றால் அனுப்பவே 2.6 நொடி, அந்த நேரம் பெரும்பாலும் பூட் நேரத்தில்தான் சேர்கிறது. ஒவ்வொரு தொடக்கப் படியையும் பதிவு செய்யும் இனிட்கால்_டீபக் போட்டால் இன்னும் கூடும். நேரத்தைச் சார்ந்த பிழைகள், இரண்டு டிரைவர்களில் எது முந்துகிறது என்பதுபோன்றவை, லாகைத் திறந்தவுடன் மறைந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

2019-இல் வந்த பை 4-இல் கூடுதலாக நான்கு பிஎல்011 யூஆர்ட்டுகள் இருக்கின்றன. ஆனாலும் வழக்கமான பின்களில் முதலில் வருவது மினி யூஆர்ட்தான், கோர் கிளாக் மட்டும் 200-க்கும் 500-க்கும் இடையே ஆடுகிறது. 2023-இல் வந்த பை 5-இல் இரண்டு எச்டிஎம்ஐ சாக்கெட்டுகளுக்கு நடுவே மூன்று பின் கொண்ட தனி டீபக் கனெக்டர் வைத்துவிட்டார்கள். அதன் பின்னால் இருப்பது ஒரு பிஎல்011. சீரியல்0 என்று பூட் வரியில் எழுதினால் இப்போது லாக் அங்கேதான் போகிறது. 8, 10 பின்களில் வேண்டும் என்பவர் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.